லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் ஸ்ப்ளெண்டர்: அறிகுறியை வைத்துத் தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

என்னிடம் இருப்பது 2004-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்வர, தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓடிய வண்டி. மீட்டர் 78,000 காட்டிய சமயத்தில் இழுவை குறைய ஆரம்பித்தது. பாலம் ஏறும்போது மூன்றாவது கியருக்கு இறக்க வேண்டியிருந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், “எழுபதாயிரம் தாண்டிருச்சா? போர் போயிருக்கும் சார், என்ஜினை இறக்கணும்” என்றார்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவரைத்தான் பட்டறையில் போர் என்பார்கள், அது தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நானும் தலையாட்டினேன். சிலிண்டர் இருக்கும் பிளாக், பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு வண்டியை எடுத்து வந்தேன். இழுவை அப்படியேதான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வேறொரு மெக்கானிக், வண்டிக்குச் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் ஒரு தடவை சுற்றிவிட்டார். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. டிரம்மை உரசி நிறுத்தும் பிரேக் லைனரை விரிக்கும் கேம் துருப்பிடித்து இறுகிப்போய், மிதியை விட்ட பிறகும் லைனர் டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. கேமை எடுத்து உப்புத்தாள் போட்டுத் துடைத்து கிரீஸ் வைத்ததோடு வேலை முடிந்தது. கழற்றிய பழைய பிஸ்டனை இன்னும் வைத்திருக்கிறேன். இன்னும் முப்பதாயிரம் கிலோமீட்டராவது தாங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். ஸ்ப்ளெண்டர், பேஷன், சிடி 100 மாதிரி கார்புரேட்டர் வைத்த நூறு சிசி வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. மற்ற வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

மீட்டர் எண் எதைச் சொல்கிறது?

நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் அர்த்தம். அதனால் ஓடிய தூரத்தை இங்கே ‘ஓட்டம்’ என்றே சொல்கிறேன்.

ஸ்ப்ளெண்டரின் பிஸ்டன் மேலிருந்து கீழே வரும் தூரம் 49.5 மில்லிமீட்டர். டாப் கியரில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் என்ஜின் சுமார் 6,000 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. பெருக்கிப் பார்த்தால், வண்டி ரோட்டில் ஒரு கிலோமீட்டர் போகும்போது பிஸ்டன் சிலிண்டருக்குள் ஏறக்குறைய 600 மீட்டர் உரசிக்கொண்டு போகிறது. லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் பிஸ்டன் அறுபதாயிரம் கிலோமீட்டர் உரசியிருக்கிறது. இவ்வளவு தூரம் உரசியும் அது மாதக்கணக்கில் தேயாமல் வருடக்கணக்கில் தாங்குவதற்குக் காரணம், இரண்டு உலோகத்துக்கும் நடுவில் நிற்கும் மெல்லிய ஆயில் படலம்தான். அந்தப் படலம் இருக்கும்வரை தேய்மானம் மிக மெதுவாக நடக்கும். படலம் அறுபடும் நேரங்களில்தான் என்ஜினின் ஆயுள் கரைகிறது.

எப்போது அறுபடும்? காலையில் முதல் கிக் அடித்து ஆயில் மேலே ஏறுவதற்குள். ஆயில் அளவு குறைந்து கிடக்கும்போது. ஆயில் பழசாகித் தண்ணீர்போல ஆகும்போது. ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி உள்ளே போகும்போது. அதனால் ஒரே தடவை ஸ்டார்ட் செய்து ஐம்பது கிலோமீட்டர் போகும் வண்டியைவிட, கடைத்தெருவுக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் நாளைக்குப் பத்துத் தடவை போய்வரும் வண்டிக்குத் தேய்மானம் அதிகம். அந்தக் குட்டிப் பயணங்களில் என்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை. ஆயிலில் சேரும் நீராவியும் பெட்ரோல் கசிவும் ஆவியாகி வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடும். 30,000 ஓடிய கடைத்தெரு வண்டியின் போர், 70,000 ஓடிய நெடுஞ்சாலை வண்டியின் போரைவிட மோசமாக இருப்பது நடக்கக்கூடியதுதான்.

இன்னொன்று, பழைய வண்டிகளின் மீட்டரில் கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்ஜியம். ஸ்பீடோ மீட்டர் கேபிள் அறுந்து இரண்டு வருடம் ஓடிய வண்டிகளும் ஏராளம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் மீட்டரை விட்டுவிட்டு கியர் லிவர் ரப்பர், பிரேக் மிதியின் வரிகள், கால் வைக்கும் ரப்பர், கிக்கர் ரப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். 25,000 காட்டும் வண்டியில் பிரேக் மிதி வழவழவென்று தேய்ந்திருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

இழுவை இல்லை, பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது

இங்கேதான் பலரும் நேராக என்ஜினுக்குப் போகிறார்கள். நான் செய்த தவறும் இதுதான். கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள். முதல் மூன்றுக்கும் காசே ஆகாது.

முதலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பாருங்கள். முன்சக்கரம் நாலைந்து சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். பின்சக்கரம் செயினையும் இழுத்துக்கொண்டு சுற்றுவதால் கொஞ்சம் சீக்கிரம் நிற்கும், ஆனால் பிடித்து இழுப்பதுபோல நிற்கக் கூடாது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டிரம்மின் அருகில் கையைக் கொண்டுபோங்கள். பிரேக் அதிகம் பிடிக்காமல் வந்தும் கொதித்தால், லைனர் உரசுகிறது. மழைக்காலத்தில் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டிகளில் இது அடிக்கடி வரும்.

இரண்டாவது டயர் காற்று. முன்னே 25, பின்னே தனியாகப் போனால் 28, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 40 பி.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில். பெட்ரோல் பங்கில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவில் அடித்துவிடுவார்கள், கேட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது கிளட்ச். லிவரை விரலால் தொட்டுப் பாருங்கள். முனையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது, கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடியே ஓடுகிறது என்று அர்த்தம். ஆட்டம் சரியாக இருந்தால், காலியான ரோட்டில் டாப் கியரில் 40-இல் போய் ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகுங்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் பின்தங்கி வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் மாற்றச் சொல்வதற்குமுன் கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வண்டிகளில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே முழுகிச் சுற்றுகிறது. கார் ஆயிலில் வழவழப்புக்காகச் சேர்க்கும் சரக்கு கிளட்ச் பிளேட்டையும் வழுக்க வைக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ (JASO MA) என்று இருக்கும் பைக் ஆயிலை ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பிளேட்டைப் பற்றி முடிவு செய்யலாம்.

நாலாவது ஏர் ஃபில்டர். எங்கள் டெல்டா பக்கம் தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். வைக்கோல் லாரி, அறுவடை மெஷின் என்று ஒரு மாதம் முழுக்கப் பதர்த் தூசி பறக்கும். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கு அந்த மாதத்துக்குச் செல்லாது. அறுவடை முடிந்ததும் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். காகித ஃபில்டரைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கழுவாதீர்கள், அடைத்திருந்தால் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் வகையைத்தான் கழுவி, ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடலாம். ஃபில்டர் கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைத்த ஃபில்டர் இழுவையை மட்டும்தான் குறைக்கும். கிழிந்த ஃபில்டர் மண்ணை உள்ளே விட்டுப் போரையே தின்றுவிடும். வெளியே கேட்கும் சத்தங்களைவிட இந்தக் கிழிசலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

இந்த நாலும் சரியாக இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி காபிப்பொடி நிறத்தில் இருந்தால் எரிதல் நன்றாக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை. மைலேஜுக்காகக் கார்புரேட்டரை இறுக்கி வைத்த வண்டிகளில் இப்படி வெளுப்பது வழக்கம். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்படும் அதே நேரத்தில் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டும் அதில் இருக்கும் வால்வும் அளவுக்கு மேல் சூடாகிக்கொண்டிருக்கும். தயவுசெய்து அந்த ஸ்க்ரூவைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நுனி ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால்தான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

சைலன்சரில் புகை

முதலில் நிறம். குளிர்ந்த காலையில் ஒரு நிமிடம் வெள்ளையாக வந்து மறைவது வெறும் நீராவி. கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் எரிவதால் வருவது, கார்புரேட்டரையும் சோக்கையும் பாருங்கள். நீலம் கலந்த புகை, எரிந்த எண்ணெய் வாடையோடு வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது.

நீலப் புகை என்றதுமே போர் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆயில் உள்ளே வர இரண்டு வழி இருக்கிறது. கீழேயிருந்து ரிங் வழியாக வரலாம், மேலேயிருந்து, வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பரான வால்வு சீல் வழியாகவும் இறங்கலாம். இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். புகை எப்போது வருகிறது என்று கவனித்தால் போதும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து, பிறகு நின்றுவிடுகிறதா? சிக்னலில் ரெண்டு நிமிடம் ஐடிலிங்கில் நின்று கிளம்பும்போது மட்டும் வருகிறதா? பாலத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடிக்கொண்டு இறங்கி, கீழே வந்து திருகும்போது வருகிறதா? இவையெல்லாம் வால்வு சீலைக் காட்டும். ரப்பர் காய்ந்து, சும்மா நிற்கும் நேரத்தில் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சேர்ந்திருக்கும். ஹெட்டை மட்டும் கழற்றி சீலை மாற்றி, வால்வைத் தேய்த்துப் போட்டால் சரியாகிவிடும். பிளாக்கில் கை வைக்க வேண்டியதில்லை.

ஆக்ஸிலரேட்டர் திருகத் திருகப் புகையும் கூடுகிறது, மேட்டில் ஏறும்போது பின்னால் வருகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்றால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. உறுதி செய்ய இரண்டு சோதனை. ஐடிலிங்கில் ஆயில் மூடியை லேசாகத் திறந்து பாருங்கள். உள்ளேயிருந்து ‘புஸ் புஸ்’ என்று புகையோடு காற்று அடித்தால், எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அடுத்து, என்ஜின் ஆறியபின் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி, எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்த்து வையுங்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, நாலைந்து கிக் அடித்துப் பரவவிட்டு, பிளக்கை மாட்டி மறுபடி அழுத்துங்கள். இப்போது கிக்கர் கெட்டியாக எதிர்த்தால், ஆயில் போய் ரிங் இடைவெளியை அடைத்திருக்கிறது, எனவே ரிங்தான் குற்றவாளி. எந்த மாற்றமும் இல்லையென்றால் காற்று வால்வு வழியாகப் போகிறது. கம்ப்ரஷன் கேஜ் இருக்கும் பட்டறையில் இதையே எண்ணாகப் பார்த்துச் சொல்வார்கள்.

புகையே தெரியாமல் ஆயில் குறைவதும் உண்டு. வாரம் ஒரு தடவை ஆயில் குச்சியைப் பாருங்கள். ரெண்டு மூணு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி ரெண்டு மூணு நிமிடம் பொறுத்து, வண்டியை நேராக நிறுத்தி, குச்சியைத் திருகாமல் வெறுமனே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். இந்த என்ஜினில் மொத்த ஆயிலே ஒரு லிட்டர் அளவுதான். அதில் கால் லிட்டர் குறைந்தால் மீதி ஆயில் கூடுதலாகச் சூடாகிச் சீக்கிரம் கெட்டுப்போகும். குச்சியில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் காட்டும்வரை ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

போர் போட்டே ஆக வேண்டுமா?

மேலே சொன்ன சோதனைகள் ரிங்கைக் காட்டி, ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டருக்கு மேல் ஆயில் குடித்தால் நான் என்ஜினைத் திறப்பேன். அதற்குக் கீழே என்றால் ஊற்றி ஊற்றி ஓட்டுவேன். அந்த நிலையில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஓடிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

திறந்தபிறகு வெறும் ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்று சொன்னால், சிலிண்டரை அளந்து காட்டச் சொல்லுங்கள். சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. மேல் ரிங் திரும்பும் இடத்தில் அதிகம் தேய்ந்து, விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு விளிம்பு விழுந்திருக்கும். அந்த விளிம்பு இருக்கும்போது புது ரிங் போட்டால் அது முட்டி உடையும் அபாயம் உண்டு. லேத்தில் கொடுத்துப் போர் போடும்போது கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவார்கள். 0.25, 0.50, 0.75, 1.00 என்று நாலு படி இருக்கிறது. லேத்காரரிடம் பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்பப் போர் போடச் சொல்ல வேண்டும். புத்தகத்து அளவை வைத்து முன்கூட்டியே போர் போட்டுவிட்டு அப்புறம் பிஸ்டன் தேடினால், ஒன்று இறுகிப் பிடிக்கும், இல்லை லூஸாகித் தட்டும்.

போர் போட்ட வண்டி புது வண்டி மாதிரி. முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு 45, 50-ஐத் தாண்டாமல், ஒரே வேகத்தில் இழுக்காமல் மாற்றி மாற்றி ஓட்டி, ஐந்நூறிலேயே ஆயிலை வடித்துவிடுங்கள். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்தால் மினுமினுவென்று உலோகப் பொடி தெரியும். அது புது ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பழகும்போது உதிர்ந்தது. இந்த முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் அந்தப் பொடியே உப்புத்தாளாக வேலை செய்யும்.

சத்தம்

சத்தத்தைக் கேட்பதற்கு நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். நுனியை என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதருகே வையுங்கள். எங்கே பலமாகக் கேட்கிறது என்று இடம் பிடிக்கலாம்.

மேலே ஹெட்டிலிருந்து சீராக ‘டிக் டிக்’ என்றால் டேப்பட், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம். என்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது, காலையில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி வைத்துச் சரிசெய்ய வேண்டும். இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. சத்தம் போடும் டேப்பட்டைவிட, சத்தமே இல்லாத டேப்பட்தான் ஆபத்து. வால்வும் அது உட்காரும் சீட்டும் தேயத் தேய வால்வு மேலே ஏறி, இடைவெளி தானாகக் குறையும். கடைசியில் வால்வு முழுதாக மூடாமல், நெருப்பு அந்த இடுக்கு வழியாகப் பீய்ச்சி வால்வு விளிம்பைக் கருக்கிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் ஐடிலிங் நிற்காமல் அணைகிற வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். டேப்பட் சத்தம் கேட்கக் கூடாது என்று மெக்கானிக்கை வற்புறுத்தி இறுக்க வைக்காதீர்கள்.

இடப்பக்கம், மேக்னட் பக்கமாகக் ‘கரகர’வென்று, ஐடிலிங்கில் அதிகமாகவும் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் குறைந்தும் கேட்டால், என்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின். ஐம்பதாயிரத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். டென்ஷனரையும் கைடு ரப்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்படியே விட்டால் செயின் பல் தாண்டும், நட்டநடு ரோட்டில் வண்டி நிற்கும், வால்வு பிஸ்டனில் இடிக்கவும் வாய்ப்பிருக்கிறது.

என்ஜின் ஆறியிருக்கும்போது ‘களக் களக்’ என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் பிஸ்டன் தட்டுகிறது. போர் தேய்ந்ததன் அடையாளம், ஆனால் உடனே ஆபத்தில்லை.

கடைசியாக, அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று, பளு ஏறும்போது பலமாகக் கேட்பது. இது, பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்கில், கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங். இந்தச் சத்தம் வந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக்கூடாது. தள்ளிக்கொண்டோ வேறு வண்டியில் ஏற்றியோ போங்கள். பேரிங் உடைந்தால் ராட் கேஸையே உடைத்துவிடும். ஆயிலை வடித்து, வடிகட்டிய துணியில் காந்தத்தை வையுங்கள். சாம்பல்போல மெல்லிய பொடி எல்லா வண்டியிலும் வரும். கண்ணுக்குத் தெரியும் செதில்கள் ஒட்டினால் சந்தேகமே வேண்டாம்.

இந்த என்ஜினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலையும், வலப்பக்கக் கிளட்ச் மூடிக்குள் கிராங்க்கோடு சுற்றி அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் ஒரு வட்டமும்தான் உண்டு. அந்த வட்டத்துக்குள் சேரும் பசையைப் பல வண்டிகளில் பிறந்ததிலிருந்து யாருமே துடைத்ததில்லை. கிளட்ச் பிளேட்டுக்காக மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதையும் திறந்து துடைக்கச் சொல்லுங்கள். என் வண்டியில் எடுத்தபோது களிமண்போல ஒரு விரல் அகலத்துக்கு வந்தது.

ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது

பிளக்கைக் கழற்றி ஹெட்டில் உரசவைத்துக் கிக் அடித்தால் நீலநிறத்தில் பளிச்சென்று பொறி வர வேண்டும். மஞ்சளாக, மெல்லியதாக வந்தால் முதலில் புது பிளக், பிறகு பிளக் கேப். பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல். ஒரு மாதம் நின்ற வண்டி என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைத்திருக்கும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தையும் உறிஞ்சும். நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் குழாயை மூடி, தானாக அணையும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டும் சரியாக இருந்து கிக்கர் காலுக்கு இலகுவாக இறங்கினால், மேலே சொன்ன ஆயில் சோதனைக்குப் போங்கள்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் அணைந்தால் கார்புரேட்டரில் குற்றமில்லை. கழுத்துப் பகுதியில் வயர்கள் இருபது வருடமாக மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும். ஐடிலிங்கில் விட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கியர் தானாக விழுகிறது

இரண்டாவது கியரிலிருந்து ‘டக்’ என்று நியூட்ரலுக்கு வந்தால், முதலில் லிவர் போல்ட் லூஸா, கிளட்ச் முழுதாக விடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் உள்ளே கியர்ப் பல்லின் முனை மழுங்கியிருக்கும், அல்லது கியரை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கும். என்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டிய வேலை. கிராங்க் வேலை எப்போதாவது வரும்போது சேர்த்துச் செய்துகொண்டால் கூலி ஒன்றாக முடியும்.

இடக்கால் பக்கம் சலசலப்பு, வெட்டி வெட்டி இழுக்கிறது

செயின். ஸ்ப்ளெண்டரில் செயின் முழுக்க மூடிக்குள் இருப்பதால் நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதே இல்லை. அதே மூடிதான் அதைத் தூசியிலிருந்து காப்பாற்றி இருபது, இருபத்தைந்தாயிரம் ஓட வைக்கிறது. அடியில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து விரலால் தூக்கிப் பாருங்கள், சுமார் ஒரு அங்குலம் ஆடினால் சரி. சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொங்கல் என்றால் செயின் ஒரே சீராகத் தேயவில்லை, அதை டைட் வைத்துப் பயனில்லை. பற்சக்கரத்தின் பல் அரிவாள் மூக்குபோல ஒரு பக்கம் வளைந்திருந்தாலும் முடிந்தது. செயின், முன்பல், பின்பல் மூன்றையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் பாதி நாள்கூட வராது.

செயின் நன்றாக இருந்தும் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது ‘டொக்’ என்று வெட்டினால் பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் நசுங்கியிருக்கும். மலிவான பொருள். இதை மாற்றாமல் விட்டால் புதுச் செயினும் சீக்கிரம் நீண்டுவிடும்.

ஹேண்டில் நடுவில் பிடிக்கிறது, வண்டி ஆடுகிறது

சென்டர் ஸ்டாண்டில் முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒற்றை விரலால் இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் குழியில் விழுந்ததுபோல நின்றால், ஹேண்டில் கழுத்தில் இருக்கும் குண்டு பேரிங்கான கோன் செட் போய்விட்டது. வண்டி பெரும்பாலும் நேராகவே போவதால் குண்டுகள் அந்த ஒரே இடத்தில் இடிபட்டுக் குழி போட்டுவிடுகின்றன. நம் ரோடுகளில் முப்பது நாற்பதாயிரத்துக்குள் வந்துவிடும். இறுக்கினால் தீராது, செட்டாக மாற்ற வேண்டும்.

பின்பக்கம் மீன்வால்போல ஆடினால், பின்சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால், அது வண்டியோடு பொருந்தும் இடத்தில் உள்ள புஷ். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் புஷ் மேல் விரல் வைத்திருந்தால் தெளிவாகத் தெரியும்.

முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் ஆயில் சீல். நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் புதுச் சீல் போட்டும் ஒரு மாதத்தில் கசிகிறதென்றால் சீலைக் குறை சொல்ல வேண்டாம். பைப்பின் மேல் நகத்தை ஓட்டுங்கள். உப்புக் காற்றில் குரோம் அரித்துச் சொரசொரப்பாகி இருந்தால் அதுதான் சீலைக் கிழிக்கிறது, பைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

பிரேக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் ஆர்மில் இருக்கும் அம்புக்குறி, பிரேக்கை அழுத்தும்போது தட்டில் இருக்கும் கோட்டைத் தொட்டால் லைனர் முடிந்தது. அட்ஜஸ்டரில் மரை மிச்சம் இருக்கிறதே என்று திருகிக்கொண்டே போகக் கூடாது.

சேஸிஸ்

என்ஜினில் மாற்ற முடியாத பாகம் என்று ஒன்றுமில்லை. வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸ் அப்படியல்ல, அதனால் பழைய வண்டியின் ஆயுளை நான் இங்கேதான் பார்ப்பேன். சீட்டைக் கழற்றி, பேட்டரிப் பெட்டிக்குக் கீழே, சென்டர் ஸ்டாண்ட் பொருத்தும் இடம், ஸ்விங் ஆர்ம் மாட்டும் இடம், ஹேண்டில் கழுத்துக்குப் பின்னால் உள்ள வெல்டிங் ஆகியவற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். மேலோட்டமான துருவென்றால் தேய்த்து, பிரைமர், பெயின்ட் அடித்துவிடலாம். ஸ்க்ரூடிரைவரால் தட்டும்போது ‘டங்’ என்று கேட்காமல் மொத்தையாகக் கேட்டாலோ, பொரிந்து கொட்டினாலோ உள்ளே அரித்திருக்கிறது. உப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் தினமும் கழுவப்பட்ட வண்டிகளில் இதைக் கடலோரம் இல்லாத ஊர்களிலும் பார்க்கலாம்.

ஸ்டாண்ட் பகுதியில் விரிசல் என்றால் நல்ல வெல்டர் சரிசெய்வார். கழுத்து வெல்டிங்கில் முடி அளவு விரிசல் தெரிந்தாலும் நான் அந்த வண்டியை ஓட்ட மாட்டேன், மேலே இன்னொரு வெல்டிங் வைத்து ஓட்டச் சொல்லவும் மாட்டேன். பதிவு செய்து 15 வருடம் ஆனபின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. அதற்குப் பெயின்ட் அடிக்கக் கொடுக்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பெயின்ட் ஏறிவிட்டால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. என் வண்டிக்கு 2019-இல் புதுப்பித்தபோது கழுத்தைத் தேய்த்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. 2024-இலும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஐந்து வருடத்துக்குப் பணம் கட்டினேன். மீட்டர் இரண்டாவது சுற்றில் இப்போது 31,000 காட்டுகிறது.